கன்னிப் போன இடம்

இங்க வரலடா. வந்திருந்தா வாசல்லயே அந்தக் குட்டிச் செருப்பு கிடந்திருக்குமே, கண்ணு இல்லையா உனக்கு? ரெண்டு பேரும் கடைப்பக்கம் போயிருப்பாளுங்க. பாப்பா ஷூ கடிக்குது, கடிக்குதுன்னு நச்சரிச்சுக்கிட்டே இருந்தா இல்ல, அதுக்கா இருக்கும். நீ எதுக்கு வாசல்ல நின்னு கத்துற? உள்ள வா. வந்து உட்காரு.

போன் எடுக்கலைன்னா சார்ஜ் போயிருக்கும். உன் பொண்டாட்டி போன்ல என்னிக்கு முழுசா சார்ஜ் இருந்துச்சு? சும்மா சும்மா அமுக்காதே, அது என்ன காலிங் பெல்லா? கீழ வை. மூஞ்சியப் பாரு, காலையிலேர்ந்து வயித்துக்குள்ள ஒண்ணும் போகல போல. சோறு சூடா இருக்கு, கீரை இருக்கு. முட்டை ரெண்டு போட்டுத் தர்றேன், ஓரமெல்லாம் மொறுமொறுன்னு, உனக்குப் புடிச்ச மாதிரி. தட்டை எடு. அக்கா சொல்றேன்ல.

ஆமா, நான் இன்னிக்கு வேலைக்குப் போகல. ஒடம்புக்கு ஒரு கேடும் இல்ல, கல்லு மாதிரிதான் இருக்கேன். பாப்பா ஸ்கூலுக்குப் போக வேண்டியிருந்துச்சு. அவ டீச்சர் நேத்து போன் பண்ணாங்க. உனக்கு ஏன் பண்ணலைன்னா? தினம் சாயங்காலம் அவளைக் கூட்டிட்டு வர்றது யாரு, நானா நீயா? என் நம்பர்தான் அங்க இருக்கு. பதறாதே. பாப்பா யாரையும் கடிக்கல, எதையும் உடைக்கல, காய்ச்சல் கீய்ச்சல் இல்ல. ஒரு வார்த்தை விஷயம். ஆமாடா, வார்த்தை. சிரிக்கிறியா? சிரி, சிரி. நானும் சிரிச்சுக்கிட்டேதான் போனேன்.

நீ சாப்பிடு. சாப்பிட்டுக்கிட்டே கேளு.

டீச்சர் வகுப்புல ஒரு வேலை குடுத்திருக்காங்க. ஒரு பொருள் தானா நிறம் மாறுதுன்னு வெச்சுக்கோ, அதுக்கு நம்ம பேச்சுல என்னென்ன வார்த்தை இருக்கு? சிவப்பு, பச்சைன்னு நிறத்தோட பேரு வேணாம், மாறுறதுக்கான பேரு வேணும். வீட்டுல பெரியவங்களைக் கேட்டு ஆளுக்கு ஒண்ணு கொண்டு வரணும். என்ன அர்த்தம், அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சுன்னும் சொல்லணும். நல்ல டீச்சர்டா அது. மெக்கானிக் மக துருப்பிடிக்கிறதுன்னு கொண்டு வந்தாளாம். லாண்டரிக்காரர் பொண்ணு வெளுக்கிறது. இன்னொண்ணு நரைக்கிறதுன்னு சொன்னதோட நிக்காம, அவங்க அம்மா தலையில எங்கெங்க நரை, எந்தெந்த நாள்ல மை பூசுவாங்கன்னு மொத்தமாப் போட்டு உடைச்சிடுச்சாம். அந்தம்மா இப்ப ஸ்கூல் கேட்டுப் பக்கமே வர்றதில்லையாம்.

சிரிப்பு வருதுல்ல? இந்தா, கீரை போட்டுக்கோ.

நம்மாளு என்கிட்ட வந்தா. அத்தை, உங்க ஷெட்டுல பழத்துக்கு ஒரு வார்த்தை சொல்வீங்களே, அது என்னன்னா. கன்னிப் போறதான்னு கேட்டேன். ஆமா, அதேதான், அதைச் சொல்லுங்கன்னா. எனக்கு ஒரே பெருமை. எல்லாப் பிள்ளைங்களும் பழுக்குது, காயுதுன்னு போகும்போது நம்ம வீட்டுப் பிள்ளை ஆப்பிள் ஷெட்டு வார்த்தையோட போகுதேன்னு.

உனக்கும் தெரிஞ்ச வார்த்தைதானே. அம்மா போனதுக்கப்புறம் உன்னை விட்டுட்டுப் போக வழியில்லாம, தரம் பிரிக்கிற மேசைக்கு அடியில சாக்கை விரிச்சுப் படுக்க வெச்சிருந்தேன். பழக்கூடைக்கு நடுவுல வளந்தவன் நீ. லாரியில லோடு வந்து இறங்கின அன்னிக்கே நாங்க தரம் பிரிக்க மாட்டோம், ஞாபகம் இருக்கா? இறங்கும்போது எல்லாப் பழமும் ராசாத்தி மாதிரிதான் இருக்கும். அடிபட்டது உடனே தெரியாது. ஒரு ராத்திரி கிடக்கட்டும்னு விட்டுடுவோம். மறுநாள் பெரிய லைட்டைப் போட்டுப் பாத்தா, அங்கங்க பழுப்பா எழும்பி நிக்கும். தோல் கிழிஞ்சிருக்காது. தடவிப் பாத்தா வழவழன்னுதான் இருக்கும். உள்ள செத்துப் போயிருக்கும். அதைத்தான் கன்னிப் போச்சுங்கிறது.

வாயால சொன்னா பிள்ளைக்குப் புரியாதேன்னு ஒரு ஆப்பிளை எடுத்து, கட்டை விரலால நல்லா ஒரு அமுக்கு அமுக்கி, அந்தா, அந்த சன்னல் மேல வெச்சேன். இப்ப ஒண்ணும் தெரியலையா, காலையில பாருன்னேன். அன்னிக்கு இங்கதான் படுத்துக்கிட்டா. விடிஞ்சதும் எடுத்துக் காட்டுறேன், என் விரல் அப்படியே அச்சா உக்காந்திருக்கு. எந்தப் பிள்ளையா இருந்தாலும் வாயைப் பொளக்கும்ல? இவ பொளக்கல. திருப்பித் திருப்பிப் பாத்தா. பாத்துட்டு, பழத்துக்கு ஒரே கலர்தானா அத்தைன்னு கேட்டா. ஆமாடி, பழுப்புதான், வேற என்ன கலர் வேணும் உனக்குன்னேன். பல்லு விளக்கப் போயிட்டா.

தண்ணி குடி. விக்குது பாரு.

வகுப்புல எழுந்து நின்னு சொல்லியிருக்கா. கன்னிப் போறதுன்னா முதல்ல சிவக்கும் மிஸ். அப்புறம் நீலமாகும். அப்புறம் ஓரத்துலேர்ந்து பச்சையாகும். அப்புறம் மஞ்சளாகிப் போயிடும். ஆனா முழுசாப் போறதுக்குள்ள பக்கத்துல புதுசு வந்துடும்னு. டீச்சர், அடேங்கப்பா, எந்தப் பழம்மா இத்தனை கலர் மாறுதுன்னு கேட்டிருக்காங்க. பழத்துக்கு ஒரே கலர்தான் மிஸ், அத்தை காட்டினாங்க, இது அம்மா கைக்குன்னாளாம்.

எங்க எழுந்திரிக்கிற? உட்காரு. உட்காருடா! தட்டுல சோறு கிடக்கு. சோத்து மேலயா கோவம்?

என்ன, என்ன சொன்ன? பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாளா? சரி. அன்னிக்கு அலமாரிக் கதவு இடிச்சதுன்னு சொன்னீங்க. அதுக்கு முன்னாடி அவ வேலை பாக்குற மருந்துக்கடையில பெட்டி சரிஞ்சு விழுந்துச்சு. உன் வீட்டுல இருக்கிற கதவு, தரை, அந்தக் கடைப் பெட்டி எல்லாமே அவமேலதான் வந்து விழுது, உன் மேல ஒண்ணுகூட விழலையே, அது எப்படிடா?

இரு, நான் முடிச்சுடுறேன். நீ குறுக்க குறுக்கப் பேசினா எனக்கு மறந்து போயிடும். ஸ்கூல்ல டீச்சர் என்னை உக்கார வெச்சு, மெதுவாத்தான் பேசினாங்க. திட்டல. அவங்களே அந்த வார்த்தையை அகராதியில தேடிப் பாத்திருக்காங்க. எழுதுறப்ப கன்றுதல்னு எழுதணுமாம். வெயில்ல வாடி நிறம் மாறுறதுக்கும் அதுதானாம், அடிபட்டு நிறம் மாறுறதுக்கும் அதுதானாம். மனசு நொந்து போறதுக்கும், கோவப்படுறதுக்கும்கூட அதைத்தான் சொல்லியிருக்காங்களாம் அந்தக் காலத்துல. கனல்னு சொல்றோமே, அந்தச் சூட்டுக்குச் சொந்தமா இருக்கும்னு அவங்க நினைக்கிறாங்க. உறுதியாச் சொல்லத் தெரியலைன்னும் சொன்னாங்க. இதையெல்லாம் சொல்லிட்டு, அந்த டீச்சர் கர்சீப்பை எடுத்துக் கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க. எனக்கு எங்க போய் மூஞ்சிய வெச்சுக்கிறதுன்னு தெரியல. உன் கோவம், அவ தோலு. ஒரே வார்த்தையை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிட்டீங்க போல இருக்கு.

அங்கேர்ந்து நேரா மருந்துக்கடைக்குப் போனேன். அவ கவுண்டர்ல நிக்கிறா. இந்தப் புழுக்கத்துல முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரைக்கும் பட்டன். எத்தனை நாளாப் போடுறா? நான் கேட்டப்பெல்லாம் ஏசி குளிருது அண்ணின்னுதான் சொல்லியிருக்கா. அந்தக் கடையில ஏசியே இல்ல, மேல ஒரு ஃபேன் கடகடன்னு ஓடிக்கிட்டிருக்கு. உள்ள அட்டைப்பெட்டியெல்லாம் அடுக்கியிருக்கிற ரூம்ல கூட்டிட்டுப் போய், கையைக் காட்டுடின்னேன். மாட்டேன்னா. நானே பட்டனைக் கழட்டி மேல தூக்கினேன்.

கேளு. காதைப் பொத்தாதே. நான் பாத்ததை நீ கேக்கக்கூட மாட்டியா?

நான் பழத்தைப் பாத்தே பாதி ஆயுசு போக்கினவ. கீழ விழுந்த பழத்துல வட்டமா ஒரே இடத்துல கன்னும். கூடையில உரசினது பட்டையா நீளமா இருக்கும். ஆள் புடிச்சு அமுக்கினது எப்படி இருக்கும்னு நான் உனக்குச் சொல்லணுமா? ஒரு பக்கம் நாலு, எதிர்ப்பக்கம் ஒண்ணு. அவ தோளுக்குக் கீழ அப்படித்தான் இருந்துச்சு. அதுகூடப் போகட்டும். ஒரு தடவை விழுந்தவ ஒடம்புல ஒரே கலர்தானேடா இருக்கும்? இவளுக்கு முழங்கைகிட்ட மஞ்ச, அதுக்கு மேல பச்சை, தோள்ல நீலம், கழுத்துக்கிட்ட அப்பத்தான் சிவந்து வருது. உன் மக வகுப்புல ஒப்பிச்ச வரிசை மொத்தமும் ஒரே கையில இருந்துச்சு. ஒண்ணு ஆறி முடியறதுக்குள்ள ஒண்ணுன்னு அந்தப் பிஞ்சு பாத்து வெச்சிருக்கு. அதுக்கு இன்னும் ஷூ லேஸ் ஒழுங்காக் கட்டத் தெரியலடா, இது தெரிஞ்சிருக்கு.

அழறியா? அழு. நானும் அந்த ரூம்ல உக்காந்து அழுதேன். உன் பொண்டாட்டி எனக்குத் தண்ணி கொண்டு வந்து குடுத்தா. அடி வாங்கினவ அவ, ஆறுதல் எனக்கு. என்ன கூத்து பாரு.

என்னது, வாய் பேசுறாளா? எதிர்த்துப் பேசுறா, அதனால கை நீண்டுடுச்சா? ஏண்டா, உன் டிரைவிங் ஸ்கூலுக்கு எத்தனை விதமான ஆளுங்க வர்றாங்க. ஒருத்தி பிரேக்குன்னா ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறா, ஒரு ஆளு கண்ணாடியப் பாத்து மீசை ஒதுக்கிக்கிட்டே வண்டியைச் செவுத்துல விடுறாரு. யாரையாவது ஒரு அதட்டு அதட்டியிருப்பியா? ரொம்பப் பொறுமையான சார்னு ஊரே சொல்லுது. ஷெட்டுல கண்ணாடிக்காரின்னு ஒருத்தி இருக்கா பாரு, என் பக்கத்து மேசை, அவ தங்கச்சி உன்கிட்டதான் ஓட்டக் கத்துக்கிட்டா. உன் தம்பி தங்கம்டின்னு அவ சொல்லும்போதெல்லாம் எனக்கு உச்சி குளிர்ந்து போகும். அப்ப உனக்குக் கையை அடக்கத் தெரியும். நல்லாத் தெரியும். வீட்டுக்குள்ள வந்து கதவைச் சாத்தினதும்தான் தெரியாமப் போகுது.

அப்பாவைச் சொல்லாதே. அப்பாவை இழுக்காதே இதுல. நம்ம அப்பா கோவம் வந்தா சைக்கிளை எடுத்துக்கிட்டு வெளிய போயிடுவாரு, ஊரைச் சுத்திட்டு டயர் பஞ்சராகித் தள்ளிக்கிட்டு வருவாரு. அம்மா சிரிப்பா. கை ஓங்கி நான் பாத்ததில்ல. உன்னை நானும் அடிச்சதில்ல. ஒரே ஒரு தடவை, ரோட்டுல ஓடினப்ப முதுகுல ஒண்ணு வெச்சேன், அதுக்கு ராத்திரி பூரா நான்தான் தூங்கல. அப்புறம் யாருகிட்டடா கத்துக்கிட்ட? நான் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது. எந்த இடத்துல நான் பாக்காம விட்டேன்?

சத்தியமெல்லாம் வேணாம். கையை எடு என் தலையிலேர்ந்து. இதே சத்தியத்தை அவ தலையிலயும் அடிச்சிருக்க. பாப்பா தலையிலயும் அடிச்சியாம். அதுக்கப்புறம் வந்ததுதான் அந்தக் கழுத்துக்கிட்ட இருந்த சிவப்பு.

ஷூ கடைக்கா? எந்த ஷூ கடை? ஓ, அதுவா. இல்லடா. பொய் சொன்னேன். அவங்க கடைக்குப் போகல.

கத்தாதே. எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியும், ஆனா உனக்குச் சொல்ல மாட்டேன். நான்தான் பஸ் ஏத்தி விட்டேன். பாப்பா சன்னல் ஓரம் உக்காந்து டாட்டா காட்டுச்சு. அப்பாவும் வருவாங்களான்னு கேட்டுச்சு. வர மாட்டாங்கன்னேன். சரின்னு சொல்லிட்டு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க ஆரம்பிச்சுடுச்சு. அந்தச் சரியை நீ கேட்டிருக்கணும். அதைக் கேட்டதுக்கப்புறம் எனக்கு எந்தக் குழப்பமும் இல்ல.

நீயெல்லாம் ஒரு அக்காவான்னா கேக்குற? நல்லாக் கேட்ட கேள்வி. உன் அக்காதான். அவளுக்கு நான் நாத்தனார், நியாயமாப் பாத்தா நான் உன் பக்கம் நின்னு அவளை நாலு வார்த்தை பேசணும். பேசியிருப்பேன், அந்தக் கையைப் பாக்காம இருந்திருந்தா. நீ நல்லவன், அவதான் ஏதோ பண்ணியிருப்பான்னு நானே ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பேன்டா. 

கையை இறக்கு.

இறக்குன்னு சொன்னேன். என் போனைக் குடுக்க மாட்டேன். அடிக்கிறதா இருந்தா அடி, நான் ஓட மாட்டேன். எனக்கு வயசாயிடுச்சு, லேசாத் தொட்டாலே கன்னிடும், நாளைக்கு ஷெட்டுல எல்லாரும் கேப்பாங்க. அலமாரிக் கதவு இடிச்சதுன்னு நான் சொல்ல மாட்டேன். உன் பேரைத்தான் சொல்லுவேன்.

ம். அப்படி உட்காரு. உட்காரு, ராசா.

பயமா இருக்குடா எனக்கு. உன்னைப் பாத்து. இடுப்புல தூக்கிச் சுமந்த பிள்ளை, உன் கை மேல போறப்ப நான் கண்ணை மூடிக்கிட்டேன் பாத்தியா? ஒரு நொடிதான். அவ தினம் இப்படித்தான் கண்ணை மூடியிருப்பான்னு இப்பத்தான் எனக்கு உறைக்குது. உன் மேல பாசம் போயிடுச்சான்னு கேக்காதே, போகலடா. போய்த் தொலைஞ்சிருந்தா எனக்கு இன்னிக்கு இவ்ளோ கஷ்டம் இருந்திருக்காது. அவங்களை பஸ் ஏத்திட்டு வந்ததுலேர்ந்து அடுப்படியில நின்னுக்கிட்டு, வந்தா என்ன சொல்றது, எப்படிச் சொல்றதுன்னு எனக்கு நானே பேசிக்கிட்டிருந்தேன். கீரையில உப்பு ரெண்டு தடவை போட்டுட்டேன்னு நினைக்கிறேன். நீ ஒண்ணும் சொல்லாம சாப்பிடுற.

எங்க போகப் போற? வேணாம். வண்டிச் சாவியை வை. பஸ் ஸ்டாண்டுல போய்த் தேடியும் பிரயோஜனமில்ல, அவங்க போய்ச் சேந்தாச்சு. உன் டிரைவிங் ஸ்கூல் முதலாளிக்கும் சொல்லிட்டேன், நாளைக்கு வர மாட்டான்னு. ஏன்னா கேக்குற?

பக்கத்து வீட்டுல ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க. போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து. ஒரு அம்மா, ஒரு சின்ன வயசு ஆளு. நல்ல மாதிரியாத்தான் பேசுறாங்க. நான்தான் மருந்துக்கடையிலேர்ந்து நேரா போய்ச் சொன்னேன். அவளும் கூட வந்து சொல்லிட்டா, டாக்டர் பாத்தாச்சு. எங்க போனாலும் கடைசியில இங்கதான் வருவான், என் தம்பிக்கு வேற போக்கிடம் இல்லைன்னு சொன்னேன். வந்த உடனே கூட்டிட்டுப் போறோம்னாங்க. பசியோட வருவான், சாப்பிட்டு முடிக்கட்டும்னு கையெடுத்துக் கும்பிட்டுத்தான் அவங்களை அங்க உக்கார வெச்சிருக்கேன்.

இன்னும் கொஞ்சம் சோறு போடவா?